மலைப் பழத்தில் மேல்நாட்டுப் பலகாரம்!

கொல்லி மலை என்றதும் வல்வில் ஓரியின் நினைவு வரும். அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் நினைவுக்கு வரும். சித்தர்களையும் மூலிகைகளையும் பற்றிச் சொல்லுபவர்களும் உண்டு. அந்த மலைக்கு இன்னொரு பெருமையும் இருக்கிறது. அதுதான் பழம்.

கொல்லி மலையின் பலா சங்கப் புலவர்களின் பாட்டிலேயே ஏறிவிட்டது. பலாவோடு மலைவாழை, அன்னாசி, கொய்யா, ஆரஞ்சு என்று பருவத்துக்குப் பருவம் ஏதாவது ஒரு பழம் இன்று அங்கே விளைந்துகொண்டே இருக்கிறது. ஆனால், இத்தனை பழம் விளைந்தும் அதை விளைவித்தவர் கையில் தங்குவது சொற்பமே. ஏன் அப்படி? அதற்கு என்ன செய்யலாம்? வீட்டு அடுப்பில் செய்யக்கூடிய ஒரு பலகாரத்தைக் கொண்டு இந்தக் கேள்விக்கு விடை தேடுவோம்.

பலகாரத்தின் பெயர் சற்றுப் புதுமையானது: பழமும் கிரீம் சீஸும் வைத்த பேஸ்ட்ரி. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பொருள்கள் எல்லாம் நம்மவை. பக்குவமும் நமக்குப் பாதி தெரிந்ததே.

எழுபது வளைவுகளுக்கு மேலே

நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கிறது கொல்லி மலை. காரவல்லி அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்விட்டால் ஊர்களைக் கிராமம் என்று சொல்லமாட்டார்கள், 'நாடு' என்பார்கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று 14 நாடுகள். அவற்றில் ஒன்று குண்டனி நாடு. இங்கெல்லாம் பெரும்பாலும் வாழ்பவர்கள் மலையாளிகள் என்ற பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது. பேச்சு தமிழ், மலையை ஆளுபவர்கள் என்பதால் அந்தப் பெயர் என்று சொல்லுவார்கள்.

குண்டனி நாட்டுக் குடும்பம் ஒன்றில் இருபது அன்னாசி பழுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பழுத்த அன்னாசி நாலைந்து நாளைக்கு மேல் தாங்காது. சந்தைக்குச் சுமந்துகொண்டு போனால், விலை படியவில்லை என்று திரும்பத் தூக்கிக்கொண்டு வர முடியுமா? வாங்குகிறவருக்கும் இது தெரியும். ஆகவே அவர் சொல்லுவதே விலை. வாங்கியவரும் 70 வளைவுகளில் இறக்கி, லாரிக் கூலி கொடுத்து, அழுகியதைக் கழித்துத்தான் விற்க வேண்டும். இதில் யாரையும் குறை சொல்லுவதற்கில்லை. அழுகும் பண்டத்தின் இலக்கணம் அது.

அழுகும் பண்டத்தை அழுகாத பண்டமாக, அல்லது அன்றைக்கே நல்ல விலைக்குப் போகும் பண்டமாக மாற்றினால் இந்த இலக்கணமும் மாறும். பழனியைப் பாருங்கள். மலைவாழைப்பழத்தோடு சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் சேர்த்ததும் அது பஞ்சாமிர்தமாகிவிடுகிறது. நாள்பட நிற்கிறது, உலகமெல்லாம் போகிறது. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் அதற்குக் கிடைத்தது. வெறும் வாழைப்பழத்துக்கு இத்தனை பயணம் வாய்த்திருக்குமா?

பெயர் அந்நியம், பண்டம் பழக்கம்

நம் ஊரில் பேஸ்ட்ரி என்றால் கிரீம் தடவிய கேக் துண்டு என்றே பலரும் நினைக்கிறார்கள். மேல்நாட்டில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. மாவும் கொழுப்பும் சேர்த்துப் பிசைந்து, ஓவனில் மொறுமொறுப்பாகச் சுட்டெடுக்கும் பண்டங்களுக்கெல்லாம் அதுவே பொதுப் பெயர். நம் பேக்கரிகளில் கிடைக்கும் முட்டை பப்ஸின் மேல் ஓடு இருக்கிறதே, அசல் பேஸ்ட்ரி அதுதான். உதகமண்டலத்து வர்க்கியும் அந்த ஜாதியைச் சேர்ந்ததே. பல அடுக்காக மடித்து விறகு அடுப்பில் சுடுகிறார்கள். ஒரு மலை நகரம் ஒரு பலகாரத்தால் பெயர் வாங்கியதற்கு அதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை. கடற்கரையில் தூத்துக்குடி மக்ரூன் இருக்கிறது. பெயரும் முந்திரியும் போர்த்துகீசியர் தொடர்பில் வந்தவை. இன்று அதை அந்நியப் பண்டம் என்று யார் சொல்லுவார்கள்?

ஐரோப்பாவிலும் இதே கதைதான். பழமும் சீஸும் வைத்து மடித்த பேஸ்ட்ரியை உலகம் 'டேனிஷ்' என்று அழைக்கிறது. ஆனால் டென்மார்க் தேசத்தார் அதை 'வியன்னா ரொட்டி' என்றே சொல்லுகிறார்கள். 1850-இல் அங்கே ரொட்டித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஆஸ்திரியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட ஆட்கள் கொண்டுவந்த கைப்பக்குவம் அது. கிரீம் சீஸ் சங்கதியும் வேடிக்கையானது. 1870-களில் அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில், பாலோடு அதிகப்படியாகப் பாலேடு சேர்த்து மிருதுவான சீஸ் செய்யத் தொடங்கினார் வில்லியம் லாரன்ஸ் என்ற பால்பண்ணைக்காரர். 1880-இல் அதற்கு 'பிலடெல்பியா' என்று பெயர் சூட்டி விற்றார்கள். பிலடெல்பியா நகரத்துக்கும் அந்தச் சீஸுக்கும் சம்பந்தம் கிடையாது. நல்ல பால்பண்டங்களுக்குப் பெயர்போன ஊர் என்பதால் வைத்த பெயர். பண்டத்துக்கு ஊர்ப் பெயர் எவ்வளவு உதவும் என்பதை அன்றைக்கே தெரிந்துவைத்திருந்தார்கள்!

வீட்டிலேயே கிரீம் சீஸ்

கடையில் விற்கும் கிரீம் சீஸில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. விலையும் அதற்கேற்ப அதிகம். நமக்கு அது அவசியமில்லை. உறையூற்றத் தெரிந்த வீட்டில் அதற்கு ஈடான ஒன்றைச் சுலபமாகச் செய்துகொள்ளலாம்.

கொழுப்பு எடுக்காத முழுப் பால் ஒரு லிட்டர். எருமைப் பாலானால் மிகவும் சிலாக்கியம். காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, இரண்டு தேக்கரண்டி புளிக்காத தயிரை உறை ஊற்றுங்கள். மலையில் குளிர் அதிகமாதலால் உறைவதற்குச் சமவெளியைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். பாத்திரத்தைக் கம்பளித் துணியால் சுற்றி அடுப்பங்கரையில் வைத்தால் போதும். தயிர் கெட்டியானவுடன் புளிக்க விடாமல் எடுத்துவிட வேண்டும்.

சுத்தமான மெல்லிய வேட்டித் துணியை வெந்நீரில் அலசிப் பிழிந்து, அதில் தயிரை ஊற்றி மூட்டையாகக் கட்டி இராத்திரி முழுவதும் தொங்கவிடுங்கள். சமவெளிக்காரர்கள் இதைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துத்தான் வடிக்க வேண்டும். வெளியே தொங்கவிட்டால் காலையில் சீஸுக்குப் பதில் புளிப்புக் கட்டிதான் மிஞ்சும்! மறுநாள் துணியில் வெண்ணெய் போன்ற கட்டித் தயிர் நிற்கும். அதோடு இரண்டு மேஜைக்கரண்டி புதிய பாலேடும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, கட்டியில்லாமல் மத்தால் கடைந்துவிட்டால் நம் கிரீம் சீஸ் தயார். வடிந்த தெளிநீரைக் கொட்டிவிடாதீர்கள். சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்திலும் சேர்க்கலாம்.

இதில் 200 கிராம் எடுத்துக்கொண்டு, 40 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு முட்டையின் மஞ்சள் கரு, ஒரு தேக்கரண்டி சோளமாவு, கொஞ்சம் ஏலப்பொடி கலந்து வையுங்கள். முட்டைக்கும் சோளமாவுக்கும் என்ன வேலை என்று கேட்கலாம். சூடுபட்டதும் தயிர்க் கட்டி நீர் விடும். அந்த நீரைப் பிடித்து வைப்பவை இவை இரண்டுமே. முட்டை சேர்க்காதவர்கள் சோளமாவை இரண்டு தேக்கரண்டியாகக் கூட்டிக்கொள்ளலாம். சேர்ப்பவர்களுக்குக் கவலையே இல்லை. மலைக்குக் கீழே இருப்பது முட்டைக்குப் பெயர்போன நாமக்கல்!

அன்னாசியின் குறும்பு

புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் இதுதான். அழகாக நறுக்கிய பச்சை அன்னாசித் துண்டுகளைச் சீஸோடு கலந்து வைப்பார்கள். சிறிது நேரத்தில் சீஸ் இளகி ஓடும். வாயில் வைத்தால் கசக்கும். பால் கெட்டுவிட்டது என்று பால்காரரைத் திட்டுவார்கள். பால்காரர் பாவம்! குற்றவாளி அன்னாசி.

அன்னாசியில் 'புரோமலைன்' என்றொரு நொதி இருக்கிறது. புரதத்தைச் சிதைப்பதே அதன் தொழில். பாலிலும் தயிரிலும் உள்ள புரதத்தை அது துண்டு துண்டாக வெட்டிவிடுகிறது. அப்படி வெட்டுப்பட்ட புரதம்தான் கசக்கிறது. அன்னாசி அதிகம் தின்றால் நாக்கு எரிவதும் அதனால்தான். பப்பாளியிலும் இதே போன்ற வேறொரு நொதி உண்டு. இறைச்சி வேக பப்பாளிக்காய் சேர்ப்பது நம் சமையலில் பழைய வழக்கமாயிற்றே.

பரிகாரம் வெகு சுலபம். கொதிக்க வைத்தால் நொதி செயலிழந்துவிடும். ஆகவே அன்னாசியை நன்றாகச் சமைத்து ஆறவைத்த பிறகே சீஸ் பக்கம் கொண்டுபோக வேண்டும்.

ஒன்றேகால் கிலோ எடையுள்ள அன்னாசியில் தோலும் கண்ணும் நடுத்தண்டும் போக ஏறக்குறைய அரைக் கிலோ சதை தேறும். அதைப் பொடியாக நறுக்கி, 150 கிராம் சர்க்கரையும் ஒரு மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் சேர்த்து, அடி கனத்த பாத்திரத்தில் கிளறுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிஷத்தில் தண்ணீர் சுண்டித் திரண்டு வரும். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு வைத்து விரலால் கோடு இழுத்தால் கோடு மூடக்கூடாது. அதுதான் பதம்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உயரம் கூடக் கூடத் தண்ணீர் கொதிக்கும் சூடு குறைகிறது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. கொல்லி மலையின் மேலே தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் பழப்பாகுக்கு 104, 105 டிகிரி பதம் என்று புத்தகங்களில் போட்டிருப்பார்கள். மலையில் 100, 101 டிகிரியிலேயே அந்தப் பதம் வந்துவிடுகிறது. புத்தகத்தை நம்பி மேலும் காய்ச்சினால் பாகு முறிந்து கல்லாகிவிடும். சூடு பார்க்கும் கருவி இல்லாதவர்களுக்குக் கவலை இல்லை. தட்டில் கோடு இழுக்கும் சோதனை எந்த உயரத்திலும் பொய் சொல்லாது.

மற்றப் பழங்களுக்கும் இதே முறைதான். சிறு மாறுதல்கள் வேண்டும். கொய்யாவை வேகவைத்து மசித்து, விதை போக வடிகட்டினால், தானே உறையும் தன்மை அதற்கு உண்டு. பலாச்சுளையை அரிந்து வெல்லப் பாகில் நெய் விட்டுக் கிளறினால் கன்னியாகுமரிப் பக்கத்துச் சக்கை வரட்டிதான். அதைச் சீஸின் மேல் வைத்தால் மணம் தூக்கும். மலைவாழையை வட்டமாக அரிந்து, வெல்லத்திலும் நெய்யிலும் இரண்டே நிமிஷம் புரட்டினால் போதும். ஆரஞ்சுச் சுளை மட்டும் இதற்கு ஆகாது. தண்ணீர் விட்டு மாவை ஊறச் செய்துவிடும். அதன் தோலின் மேல்பூச்சைத் துருவிச் சீஸில் சேர்த்தால் வாசனைக்கு வாசனை.

மாவு மடிக்கும் வித்தை

இனி மேல் ஓடு. பரோட்டாவில் மாவை வீசி, எண்ணெய் தடவி, மடித்துச் சுருட்டுகிறார்கள் அல்லவா? அடுக்கு அடுக்காகப் பிரிவதன் இரகசியம் அந்த எண்ணெய். பேஸ்ட்ரியில் எண்ணெய்க்குப் பதில் குளிர்ந்த வெண்ணெய். இரண்டு மாவு அடுக்குகளுக்கு நடுவே வெண்ணெய் மெல்லிய தகடாக நிற்க வேண்டும். ஓவனின் சூட்டில் மாவிலும் வெண்ணெயிலும் உள்ள நீர் ஆவியாகி மேலே தள்ளும். அடுக்குகள் உப்பிப் பிரியும். வெண்ணெய் முன்னமே உருகி மாவில் கலந்துவிட்டால் ஒன்றும் உப்பாது. வெறும் பிஸ்கட்டுதான் கிடைக்கும்.

வெண்ணெய் 32, 35 டிகிரிச் சூட்டிலேயே உருகிவிடும். அதற்கு முன்பே குழைந்தும் போகும். சித்திரை மாதத்துச் சேலத்தில் இந்த மாவை மடிக்க முயல்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கொல்லி மலையின் குளிர்ந்த காற்றில் அந்தத் தொல்லை இல்லை. மேல்நாட்டார் குளிரூட்டிய அறையில் செய்யும் வேலையை மலைவாசிகள் தாழ்வாரத்திலேயே செய்யலாம். இயற்கை கொடுத்த வசதி அது.

250 கிராம் மைதாவில் அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து, 175 கிராம் குளிர்ந்த வெண்ணெயைப் புளியங்கொட்டை அளவுக்கு நறுக்கிப் போடுங்கள். ஊத்துக்குளி வெண்ணெய் கிடைத்தால் உத்தமம். கையால் தேய்க்காமல் மாவில் புரட்டி மட்டும் விடுங்கள். ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் 110 முதல் 125 மில்லி லிட்டர் வரை குளிர்ந்த நீரும் தெளித்து ஒன்று சேருங்கள். பிசையக்கூடாது. வெண்ணெய்த் துண்டுகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஈரத் துணி போட்டு மூடி அரை மணி நேரம் குளிரில் வையுங்கள்.

பிறகு சப்பாத்திக் குழவியால் நீளச் சதுரமாகத் தேய்த்து, கடிதத்தை மடிப்பதுபோல் மூன்றாக மடியுங்கள். கால் வட்டம் திருப்பி மறுபடி தேய்த்து மறுபடி மூன்றாக மடியுங்கள். இருபது நிமிஷம் குளிரில் ஓய்வு. இன்னும் இரண்டு முறை இப்படி. நாலு மடிப்பில் கணக்குப்படி 81 அடுக்குகள்! கடைசியாக மேலும் அரை மணி ஓய்வு கொடுத்து, அரைச் சென்டிமீட்டருக்கும் சற்று மெல்லியதாகத் தேய்த்து, 8 சென்டிமீட்டர் சதுரங்களாக அரிந்தால் 16 துண்டுகள் வரும்.

ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் ஒரு மேஜைக்கரண்டி சீஸ். அதன் மேல் அன்னாசிப் பாகு கொஞ்சம். எதிரெதிர் மூலைகள் இரண்டை நடுவே கொண்டுவந்து, நீர் தொட்டு அழுத்தி ஒட்டுங்கள். மேலே முட்டை அல்லது பால் தடவி, கால் மணி நேரம் குளிரில் வைத்து, முன்பே 200 டிகிரிக்குச் சூடேற்றிய ஓவனில் 20 முதல் 25 நிமிஷம் சுடுங்கள். மலை உயரத்தில் ஈரம் சீக்கிரம் ஆவியாகும். அதனால் பத்து டிகிரி கூட்டி வைத்து, சில நிமிஷம் முன்னதாகவே நிறம் பார்க்கலாம். முதல் கால் மணி நேரம் ஓவன் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். திறந்தால் உப்பியது அமுங்கிவிடும்.

ஓவன் இல்லாத வீட்டில்

எல்லார் வீட்டிலும் ஓவன் ஏது? அந்தக் காலத்தில் நம் வீடுகளில் கேக் சுட்டது எப்படி? கனத்த பாத்திரத்தின் அடியில் மணல் பரப்பி, உள்ளே முக்காலி வைத்து, மூடியின் மேலும் தணல் போடுவார்கள். மேலும் கீழும் சூடு. அதுவும் ஓர் ஓவன்தானே!

இன்றைக்கும் பழைய கனத்த பாத்திரம் ஒன்றில் ஓர் அங்குல உயரத்துக்குக் கல் உப்புப் பரப்பி, வளையம் ஒன்றை வைத்து, மூடிக் கால் மணி நேரம் சூடேற்றினால் அந்த வேலை நடக்கும். குக்கரைப் பயன்படுத்தினால் ரப்பர் வளையத்தையும் குண்டையும் மறவாமல் கழற்றிவிட வேண்டும். ஆனால் தணல் இல்லாத மூடியிலிருந்து மேல் சூடு போதிய அளவு வராது. அடுக்கு மாவு அதில் சரியாக உப்புவதில்லை. அதற்குப் பதிலாகக் கிண்ணப் பேஸ்ட்ரி செய்வதே புத்திசாலித்தனம்.

கொல்லி மலையின் சாமைக்கு இங்கேதான் வேலை வருகிறது. சாமை மாவில் கோதுமையின் இழுவைச் சத்து கிடையாது. ஆகவே அடுக்கு மாவுக்கு ஆகாது. கிண்ணத்துக்கோ அந்தக் குறையே நிறை. மாவு மணல் மணலாக உதிர்ந்து வாயில் கரையும். 150 கிராம் மைதா, 50 கிராம் சாமை மாவு, 100 கிராம் வெண்ணெய், 40 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. இங்கே வெண்ணெயை நன்றாகத் தேய்த்துக் கலக்க வேண்டும். இரண்டு மூன்று மேஜைக்கரண்டி குளிர்ந்த நீர் தெளித்துச் சேர்த்து, நெய் தடவிய சிறு கிண்ணங்களில் அழுத்தி ஒட்டி, முள்கரண்டியால் குத்திவிடுங்கள். வெறுங்கிண்ணமாகக் கால் மணி நேரம் சுட்டு, பிறகு சீஸும் பழமும் நிரப்பி மறுபடி இருபது நிமிஷம் சுடவேண்டும். பாத்திரத்துக்குப் பாத்திரம் சூடு வேறுபடும். ஓரம் பொன்னிறமாவதே அடையாளம்.

சாமை காட்டிய வழி

சாமையைப் பற்றிச் சொல்லும்போது மலையின் அண்மைக்காலக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அங்கே சாமையும் கேழ்வரகும் தினையும்தான் பிரதானம். பிறகு மரவள்ளிக் கிழங்கு வந்தது. கீழே இருக்கும் ஜவ்வரிசி ஆலைகள் வாங்கிக்கொண்டன; கையில் ரொக்கம் கிடைத்தது. சாமை விளைந்த நிலம் சுருங்கிக்கொண்டே போனது. ரொக்கம் மட்டுமே அதற்குக் காரணமல்ல. சாமையை உரலில் இட்டுக் குத்தி உமி நீக்குவது பெண்களின் தோளை முறிக்கும் வேலை. கிழங்குக்கு அந்தப் பாடு கிடையாது.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து கொல்லி மலையில் சிறுதானியங்களைக் காக்கும் வேலையில் ஈடுபட்டார்கள். விதையைக் காப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. உமி நீக்கும் இயந்திரங்கள் மலைக்கு ஏறின. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தானியத்தைச் சுத்தம் செய்து, மாவாகவும் ரவையாகவும் பலகார மாவாகவும் பொட்டலம் போட்டு விற்கக் கற்றுக்கொண்டன. மூட்டையாகக் கீழே போன தானியம் பொட்டலமாகப் போனபோது அதற்கு ஊர்ப் பெயரும் விலையும் சேர்ந்தன.

சாமைக்கு வாய்த்தது பழத்துக்கு வாய்க்கக் கூடாதா? ஓர் அன்னாசியிலிருந்து பதினாறு பேஸ்ட்ரிகளுக்குப் பழப்பாகு கிடைக்கிறது. உங்கள் ஊர்ப் பேக்கரியில் ஒரு பப்ஸ் என்ன விலை என்று பார்த்து, பதினாறால் பெருக்குங்கள். மைதா, வெண்ணெய், பால், சர்க்கரை, எரிபொருள் செலவைக் கழியுங்கள். மிச்சத்தை ஓர் அன்னாசியின் சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கு உங்களுக்கே விளங்கும். மலைக்கு வரும் உல்லாசப் பிரயாணிகள் கீழே இருந்து வந்த பிஸ்கட் பொட்டலத்தை வாங்கித் தின்றுவிட்டுப் போகிறார்கள். சுடச்சுட அன்னாசி பேஸ்ட்ரி கிடைத்தால் வேண்டாம் என்பார்களா?

எச்சரிக்கையும் அவசியம்

உற்சாகத்தில் சில உண்மைகளை மறந்துவிடக் கூடாது. சீஸ் வைத்த பண்டம் நாள்பட நிற்காது. சுட்ட அன்றைக்கே தின்றுவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள். ஆகவே தூர ஊருக்கு அனுப்பும் சரக்கு இதுவல்ல. அந்த இடத்தில் விற்கும் பலகாரம். வெளியூருக்கு அனுப்ப வேண்டியது பழப்பாகு. சர்க்கரை போதிய அளவு சேர்த்து, கொதிநீரில் சுத்தம் செய்த கண்ணாடிச் சீசாவில் சூடாக ஊற்றி மூடினால் அது மாதக்கணக்கில் இருக்கும். ஆனால் அதற்குச் சர்க்கரை பழத்தின் எடைக்குச் சமமாக வேண்டும். மேலே சொன்ன 150 கிராம் அளவு உடனே உபயோகிப்பதற்கு மட்டுமே.

விற்பனை என்று வந்துவிட்டால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டில் செய்து விற்பவர்களுக்கும் இது பொருந்தும். பாலும் முட்டையும் சேரும் பண்டமாதலால் கைச் சுத்தம், பாத்திரச் சுத்தம், தண்ணீர்ச் சுத்தம் மூன்றும் கட்டாயம். வெண்ணெய்க்குப் பதில் மலிவு வனஸ்பதி போட்டால் மடிப்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் தின்ற பிறகு மேலண்ணத்தில் மெழுகு பூசியதுபோல் ஒட்டும், உடம்புக்கும் நல்லதல்ல. வெண்ணெயும் சர்க்கரையும் மைதாவும் நிறைந்த பலகாரம் என்பதால் இதைத் தினமும் தின்பதற்கில்லை. பண்டிகைக்கும் விருந்துக்கும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. சர்க்கரை வியாதிக்காரர்கள் ருசி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

முதல் முறை செய்யும்போது அடுக்கு சரியாகப் பிரியாமல் போகலாம், ஓரம் கருகலாம். அதனால் மனம் தளர வேண்டியதில்லை. உறை ஊற்றிய தயிரும் கிளறிய பாகும் மடித்த மாவும் நம் தாய்மார்கள் அறியாதவை அல்ல. மூன்றையும் ஒன்றாகச் சேர்ப்பது மட்டுமே புதிது. இரண்டாவது முறை கை தானே பழகிவிடும்.

ஆடி மாதம் 17, 18 தேதிகளில் வல்வில் ஓரிக்கு மலையில் விழா எடுக்கிறார்கள். மலை முழுவதும் ஜனங்கள் கூடும் நாட்கள் அவை. அடுத்த விழாவில் குண்டனி நாட்டு மகளிர் குழு ஒன்று ஒரு மேஜையைப் போட்டு, தங்கள் தோட்டத்து அன்னாசியில் செய்த பேஸ்ட்ரியைத் தட்டில் அடுக்கி, தாங்களே விலை சொல்லி விற்றால், வாங்குவதற்கு ஆட்கள் நிச்சயம் வருவார்கள். சமவெளியில் இருக்கும் நாமும் அடுத்த முறை மலைக்குப் போகும்போது பழத்தைப் பேரம் பேசி வாங்குவதற்கு முன், அது மலையேற்றத்தில் விளைந்து வளைவுகளில் இறங்கி வரும் பாட்டைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். வாங்கிவந்த பழத்தில் ஒன்றை வரும் ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் ஏற்றியும் பார்க்கலாம்.